குவீன்ஸில் மூன்று வீடுகள்

கதவைப் பாதி திறந்த அந்தப் பாட்டி, "லேன்! லேன்!" என்று சொல்லித் தெருக்கோடியைக் கை காட்டினார். அதற்கு மேல் அவருக்கு இங்கிலீஷ் வரவில்லை. எனக்கோ குளிரில் வாய் வரவில்லை. 2013 பிப்ரவரி, ஊரிலிருந்து வந்து மூன்றாவது வாரம். யாரோ பழைய சாப்பாட்டு மேசையைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்று மாஸ்பெத் பக்கம் போயிருந்தோம். நாங்கள் தேடிய வீடு 60வது லேனில், நாங்கள் நின்றது 60வது ஸ்ட்ரீட்டில். நடுவில் 60வது பிளேஸ் என்று ஒன்று வேறு. இது போதாதென்று அந்த வட்டாரத்திலேயே 60வது அவென்யூ, 60வது ரோடு, 60வது டிரைவ் மூன்றும் உண்டு என்று அப்புறம் தெரிந்தது. மேசை கிடைக்கவில்லை, எங்களுக்கு முன்னால் வேறு யாரோ சரியான லேனுக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு மதுரை. மேல மாசி, கீழ மாசி, வடக்கு மாசி, தெற்கு மாசி என்று ஒரே பெயரில் நாலு வீதி இருக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கே நியூயார்க்கின் குவீன்ஸ் தண்ணி காட்டியது. சூட்சுமம் தெரிந்தால் சுலபம். ஸ்ட்ரீட், பிளேஸ், லேன் மூன்றும் தெற்கு வடக்காக ஓடுபவை, அவென்யூ, ரோடு, டிரைவ் மூன்றும் கிழக்கு மேற்காக. கிழக்கே போகப் போக ஸ்ட்ரீட் எண் கூடும், தெற்கே போகப் போக அவென்யூ எண் கூடும். வீட்டு எண்ணின் நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கும். 45-57 பவுன் ஸ்ட்ரீட் என்றால், 45வது அவென்யூ வெட்டும் இடத்திலிருந்து தொடங்கும் துண்டில் 57ஆம் எண் என்று அர்த்தம், கோட்டுக்கு முன்னால் இருப்பது குறுக்குத் தெரு. போனில் சார்ஜ் தீர்ந்து நடுத்தெருவில் நின்ற நாட்களில் இந்தக் கோடுதான் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆன்லைன் படிவம் சிலது அந்தக் கோட்டை ஏற்காது, விட்டுவிட்டு எண்ணைச் சேர்த்தே எழுதுங்கள், பார்சல் வந்துவிடும். ஆனால் லேனா பிளேஸா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இங்கே கடிதத்தில் யாரும் "குவீன்ஸ்" என்று எழுதுவதில்லை. ஃபிளஷிங், ஜமைக்கா, அஸ்டோரியா, ரிச்மண்ட் ஹில் என்று பேட்டையின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். 1898இல் நியூயார்க் நகரத்தோடு சேர்க்கப்படும் வரை இவற்றில் பல தனித்தனி ஊர்களாக இருந்தவை, தபால் இலாகாவைப் பொறுத்தவரை இன்றைக்கும் அப்படித்தான். பக்கத்து புரூக்ளினில் இருப்பவர்கள் "புரூக்ளின்" என்று பெருமையாக எழுதுவார்கள். நாங்கள் அப்படியில்லை. 2020 கணக்கெடுப்பில் குவீன்ஸில் 24 லட்சம் பேர், நகரின் ஐந்து பெரும் பிரிவுகளில் (பரோ) பரப்பளவில் பெரியது, இருப்பவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வேறு நாட்டில் பிறந்தவர்கள். ஆனாலும் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் ரயில் ஸ்டேஷன் பெயர்தான் பதிலாக வரும்.

அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் "குவீன்ஸில் எது நல்ல ஏரியா, நம்ம ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்" என்று கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போகிறது. மூன்று வீடு மாறிய கதையைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வீடு எல்ம்ஹர்ஸ்டில் ஒரு பேஸ்மென்ட். வாடகை குறைவு, ரயில் பக்கம், சுவருக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார்கள். ஜன்னல் என்று இருந்தது, ஆனால் முறம் அகலம்தான், கூரையை ஒட்டி. அதன் வழியே போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். செருப்பை வைத்தே இது தபால்காரர், இது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். வெளியே போக ஒரே வழி, அதுவும் பாய்லரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒப்பந்தம் எதுவும் கிடையாது, மாதம் பிறந்தால் பணமாகக் கொடுக்க வேண்டும். அது சட்டப்படி வாடகைக்கு விடவே கூடாத இடம் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அட்வான்ஸ் என்று வாங்கிய பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது யாரிடம் போய்க் கேட்பது?

இதை அப்போது பண நஷ்டமாக மட்டும்தான் நினைத்தேன். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் வந்து கொட்டியபோது, ஒரே மணி நேரத்தில் சென்ட்ரல் பார்க்கில் 3 அங்குலத்துக்கு மேல் மழை. நகரத்தில் 13 பேர் இறந்தார்கள், அதில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள், பெரும்பாலும் குவீன்ஸில். தண்ணீர் கதவை வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. அன்று ராத்திரி முழுக்க எனக்கு அந்தப் பாய்லரும் ஒற்றை வாசலும்தான் கண்ணுக்குள் நின்றன. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி, இரண்டாவது வழி இல்லாத, ஆள் ஏறி வெளியே போகிற அளவுக்கு ஜன்னல் இல்லாத பேஸ்மென்டை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், மழை எச்சரிக்கை வரும் இரவில் வேறு யார் வீட்டுக்காவது போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படுகிற விஷயம் இல்லை அது.

இரண்டாவது வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் சட்டம் படித்திருந்தேன். வேலைக்குப் போக முடியாத விசாவில் வந்ததால் எனக்கு நேரம் நிறைய, குவீன்ஸ் நூலகத்தில் இலவச இங்கிலீஷ் வகுப்புக்குப் போவேன். அங்கே இங்கிலீஷைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டது வாடகை விவகாரம். என் பக்கத்து நாற்காலியில் ஒரு கொலம்பியப் பெண், பின்னால் இரண்டு திபெத்திய அக்கா தங்கைகள், ஒரு கொரியத் தாத்தா. எல்லாரும் அரைகுறை மொழியில் வீட்டுக்காரனைப் பற்றித்தான் பேசுவார்கள். அக்டோபர் 1 முதல் மே 31 வரை வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், பகலில் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும், இரவில் வெளியே எப்படி இருந்தாலும் 62, இல்லையென்றால் நகரத்தின் புகார் எண்ணான 311க்கு போன் போடலாம் என்று சொன்னது கொலம்பியப் பெண்தான். போன் போடுவதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிச் சுவரில் மாட்டி, தேதியோடு படம் எடுத்து வை என்றாள். அந்தப் படம்தான் எனக்கு உதவியது.

1974க்கு முன்னால் கட்டப்பட்டு, ஆறு வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால் அந்த வீடு வாடகைக் கட்டுப்பாட்டில் இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் வருஷா வருஷம் எவ்வளவு ஏற்றலாம் என்பதை நகரத்தின் வாரியம் முடிவு செய்யும், வீட்டுக்காரர் இஷ்டம் இல்லை. அந்த வீட்டின் பழைய வாடகை விவரம் முழுவதையும் மாநில அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம், காசு கிடையாது. இதைப் பலர் செய்வதே இல்லை. 2019இலிருந்து அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, விண்ணப்பத்துக்கு 20 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. 2025 ஜூனிலிருந்து புரோக்கரை யார் அமர்த்துகிறார்களோ அவர்தான் கமிஷன் தர வேண்டும். எங்கள் காலத்தில் வீட்டுக்காரர் வைத்த புரோக்கருக்கு நாங்கள் ஒன்றரை மாத வாடகையை அழுதோம், என்ன செய்ய.

அந்த இரண்டாவது வீடு ஜாக்சன் ஹைட்ஸில். 74வது ஸ்ட்ரீட் என்றால் அந்தக் காலத்தில் நம்மவர்களின் தேர்த் திருவிழா. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு வந்த இந்தியர்கள் புடவை, நகை, 220 வோல்ட் மிக்ஸி என்று ஊருக்கு வாங்கிப் போக இங்கேதான் வருவார்களாம். அந்த நினைப்பிலேயே நாங்களும் போனோம். போய்ப் பார்த்தால் நம்ம ஆட்களில் முக்கால்வாசிப் பேர் லாங் ஐலண்டுக்கும் நியூஜெர்சிக்கும் போயிருந்தார்கள். கருவேப்பிலை கிடைத்தது, படேல் பிரதர்ஸ் மளிகைக்கடை இருந்தது, ஆனால் தெருவில் கேட்ட பேச்சு வங்காளமும் நேபாளியும் திபெத்தியமும். ரூஸ்வெல்ட் அவென்யூவைத் தாண்டினால் ஸ்பானிஷ். "நம்ம ஆட்கள்" இருக்கும் இடம் என்று நாலு வருஷத்துக்கு முந்தைய தகவலை வைத்து வீடு பார்ப்பது, பழைய ரயில் அட்டவணையை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பது மாதிரி.

ஆனால் ஒரு வருஷத்தில் அதுவே பிடித்துப்போனது. எதிர் வீட்டில் வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கத்துக் குடும்பம், அவர் டாக்ஸி ஓட்டுகிறவர், அந்த அம்மா சுட்கி என்று கருவாடு சமைக்கும் நாளில் எனக்கு மதுரை ஞாபகம் வந்துவிடும், என் கணவருக்குத் தலைவலி வந்துவிடும். அந்தப் பேட்டையின் பழைய கட்டடங்கள் அழகு. 1910களிலும் 20களிலும் ஒரு நிறுவனம் திட்டம் போட்டுக் கட்டியவை, தெருவிலிருந்து பார்த்தால் செங்கல் சுவர், உள்ளே கட்டடங்களுக்கு நடுவே நீளமான தோட்டம். ஆரம்பத்தில் கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் இடம் கிடையாது என்று வைத்திருந்த பேட்டை அது. இன்றைக்கு அதே தெருவில் யார் யார் நடக்கிறார்கள் என்று பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். தோட்டம் வைத்த வீட்டுக்கெல்லாம் எங்களுக்கு வசதி இல்லை, வருஷத்தில் ஒரு நாள் தோட்டங்களைப் பார்க்கத் திறந்துவிடுவார்கள், அன்று போய் வருவோம்.

7ஆம் எண் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாலையில் மன்ஹாட்டனிலிருந்து திரும்பும்போது முன்பக்கத்தில் வட்டத்துக்குள் 7 போட்ட வண்டியும் வரும், வைரக்கல் மாதிரிச் சாய்ந்த சதுரத்துக்குள் 7 போட்ட வண்டியும் வரும். வட்டம் எல்லா இடத்திலும் நிற்கும். சதுரம் எக்ஸ்பிரஸ், 74வது ஸ்ட்ரீட்டில் நிற்காது. முதல் மாதத்தில் இரண்டு தடவை, ஒரு கையில் அரிசி மூட்டையோடு, என் வீட்டு மாடி ஜன்னல் ஓடிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஜங்ஷன் புலவார்டில் போய் இறங்கினேன். காலையில் மன்ஹாட்டன் போகும் திசைக்கும் மாலையில் ஃபிளஷிங் போகும் திசைக்கும்தான் இந்த எக்ஸ்பிரஸ். வீடு பார்க்கும்போது ரயில் பக்கமா என்று மட்டும் கேட்காமல், எக்ஸ்பிரஸ் நிற்குமா என்றும் கேளுங்கள். அதோடு, ஒரு தடவை ராத்திரி பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். ரூஸ்வெல்ட் அவென்யூ மேல் இந்த ரயில் இரும்புத் தூண்களில் ஓடுகிறது, கீழே வீடு என்றால் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். பகலில் புரோக்கர் ஜன்னலைச் சாத்தித்தான் வீட்டைக் காட்டுவார்.

சாமான் வாங்குவதிலும் எனக்கு ஒரு புத்தி வந்தது. இந்தியக் கடையையே பிடித்துத் தொங்க வேண்டாம். உட்சைடில் 69வது ஸ்ட்ரீட் பக்கம் பிலிப்பைன்ஸ்காரர்கள் கடைகளில் முருங்கைக் கீரை கிடைக்கும், "மலுங்கை" என்று கேளுங்கள், பெயரே ஏதோ தூரத்துச் சொந்தம் போல இருக்கும். எல்ம்ஹர்ஸ்டின் தாய்லாந்துக் கடைகளில் வாழையிலை, குட்டிக் கத்திரிக்காய். லத்தீன் கடைகளில் மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் நம் கடையைவிட மலிவு. பொங்கலுக்கு நான் நாலு நாட்டுக் கடை ஏறி இறங்குகிறேன்.

2020 மார்ச், ஏப்ரலைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் இறந்தார். அந்த அம்மா மகனோடு மிச்சிகன் போய்விட்டார். அந்த வசந்தத்தில்தான் 34வது அவென்யூவைக் காருக்கு மூடிவிட்டு நடக்கத் திறந்தார்கள், 26 பிளாக் நீளம். என் மகளுக்கு ஐந்து வயது, சைக்கிள் பழகியது அங்கேதான். அது இன்றைக்கும் பகலில் மூடித்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் வீடு கிடைத்தால் விடாதீர்கள்.

அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது வீடு ரிச்மண்ட் ஹில்லில், இரண்டு குடும்பம் இருக்கும் மரவீட்டின் மேல்மாடி. வேறு ஊருக்கே போன மாதிரி. வாசலில் மூங்கில் கழியில் கலர் கலராகக் கொடி கட்டியிருந்தால் அது தென் அமெரிக்காவின் கயானா அல்லது பக்கத்துத் தீவான டிரினிடாடிலிருந்து வந்த இந்து வீடு. லிபர்ட்டி அவென்யூவில் அவர்கள் கடை, 101வது அவென்யூவில் பஞ்சாபிக் கடை. A ரயில் இந்தப் பக்கம் இரண்டாகப் பிரியும், ஒன்று லெஃபர்ட்ஸ், இன்னொன்று ராக்கவே கடற்கரை. தூங்கிவிட்டால் கடலைப் பார்க்கலாம்.

வீட்டுக்காரம்மா கயானாவில் பெர்பீஸ் பக்கம் பிறந்தவர். என்னை முதல் நாளே "பேட்டி" என்றார், நான் ஏதோ விசாரணை நடத்தப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன், மகளே என்று அர்த்தமாம். 1838 தொடங்கி 1917 வரை கயானாவின் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள், கொஞ்சம் பேர் மட்டும் மெட்ராஸ் வழியாக. இவருடைய பாட்டியின் பாட்டி அந்தக் கொஞ்சத்தில் ஒருத்தி. இவருக்குத் தமிழில் ஒரு வாக்கியம் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாரியம்மா கோயில், கையில் வேப்பிலை. குளிர்காலத்தில் வேப்பங்கன்றைத் தொட்டியோடு தூக்கி வீட்டுக்குள் வைத்துக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்வார். காராமணிக்காயை போரா என்பார், பாகற்காய்க்கு கரைலா. பூஜை என்றால் அகலமான அல்லி இலையில் சோறும் ஏழு கறியும்.

வீட்டோடு வீட்டுக்காரர் இருந்தால் தொந்தரவு என்று எல்லாரும் எச்சரித்தார்கள். அதில் பாதி உண்மை. சின்ன வீடென்பதால் வாடகைக் கட்டுப்பாடு கிடையாது, ஏற்றினால் ஏற்றியதுதான். ராத்திரி பதினொன்றுக்கு மிக்ஸி போட முடியாது. ஆனால் குழாய் உடைந்தால் அரைமணியில் ஆள் வரும், ஏனென்றால் தண்ணீர் ஒழுகுவது அவர் தலையில். ஒப்பந்தத்தை மட்டும் எழுதி வாங்கினேன். அன்பாகப் பழகுகிறவரிடம் எழுத்து கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, முதல் வீட்டை நினைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அவரும் ஒரு காலத்தில் ஏமாந்தவராம்.

பிள்ளையார் கோயிலுக்கு மட்டும் ஃபிளஷிங் போக வேண்டும். முன்னால் சொன்ன 45-57 பவுன் ஸ்ட்ரீட் அதுதான் (தங்கப் பவுன் இல்லை, ஜான் பவுன் என்ற ஆள்). 1977 ஜூலை 4இல் கும்பாபிஷேகம் ஆனது, அதற்கு முன் அந்த இடத்தில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சர்ச் இருந்தது. 1657இல், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைக் கூட்டம் போட விடக் கூடாது என்று டச்சு ஆளுநர் போட்ட உத்தரவை ஏற்க மாட்டோம் என்று ஃபிளஷிங்காரர்கள் 30 பேர் கையெழுத்துப் போட்டார்கள், அவர்களில் யாரும் குவேக்கர் இல்லை. ஐந்து வருஷம் கழித்து ஜான் பவுன் தன் வீட்டில் குவேக்கர்களைக் கூட விட்டதற்காகக் கைதானார். அந்த வீடு இன்னும் அதே தெருவின் வடக்கில் இருக்கிறது. கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறி ஓடாமல் அந்த வீடு வரை நடந்து பாருங்கள், கோயிலும் சர்ச்சும் மாறி மாறி வரும். மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டால் சீனம் மட்டும்தான், அங்கே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவு கூட்டம்.

2023இல் அம்மா ஆறு மாதம் வந்து தங்கினார். பகலில் நாங்கள் இல்லாதபோது கீழ்வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, ஆனால் காய் நறுக்குவார்கள். ஒரு ஞாயிறு வீட்டுக்காரம்மா அம்மாவைத் தன் கோயிலுக்கு அழைத்துப் போனார், நானும் போனேன். உள்ளே நுழையும்போதே மேளம். அதன் பெயர் தப்பு என்றார்கள், அங்கேயும் அதே பெயர். அம்மா நின்றுவிட்டார். "இது எங்க ஊர்த் திருவிழா அடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவு இறுக்கமாக. யாருக்கோ அருள் வந்தது, வேப்பிலை அடித்தார்கள், அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

திரும்பி வரும்போது காரில் பேசவே இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்: "இந்தம்மா வீட்டை விட்டு இனிமே மாறாதே. வாடகையை ஒண்ணாந் தேதியே குடுத்துடு."